திட்டமிட்டு வைத்த ஸ்டென்ட்: கைவேலைக்கு ஐந்து, விளக்கத்துக்கு இரண்டு

அப்பாவுக்கு ஸ்டென்ட், அதாவது இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய், வைத்த இதயப் பிரிவைப் பற்றி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைப் போடப்போவதில்லை, பெயர் இல்லாமலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட முடியும். ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத்லேபில் நடந்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. நர்ஸ்களுக்கும் ஐந்து. வைப்பதற்கு முன்னும் பின்னும் எங்களிடம் பேசிய விதத்துக்கு மட்டும் இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. காரணம் ஒன்றுதான்: ஸ்டென்ட் வைக்கும்போதே மாரடைப்பு வரலாம் என்பதை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அது வந்தது.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடி ஏறும்போது வந்த இறுக்கம் போய்விட்டது, நடக்கிறார், தூங்குகிறார். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டென்ட்டே வேண்டாம் என்று ஓட வேண்டாம். குறிப்பாக, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி வந்து, வியர்த்துக் கொட்டி, அவசரமாகக் கொண்டுபோகிற மாரடைப்பு முற்றிலும் வேறு கதை. அங்கே அடைத்த குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும், யோசிக்க நேரமே இல்லை. நான் எழுதுவது தேதி குறித்து, பெட்டி கட்டிக்கொண்டு, நடந்துபோய் அட்மிட் ஆகி வைத்துக்கொள்ளும் ஸ்டென்ட்டைப் பற்றி. இங்கே யோசிக்க நேரம் உண்டு, கேட்க நேரம் உண்டு, பதில் சொல்ல அவர்களுக்கும் நேரம் உண்டு.

அப்பாவுக்கு இருந்தது அந்த வகைதான். வேகமாக நடந்தாலோ மாடி ஏறினாலோ நெஞ்சு இறுக்கும், நின்றால் விட்டுவிடும், ரொம்ப நாளாக அப்படியே இருந்தது. குழாய்க்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஆஞ்சியோவில், இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் பெரிய குழாயில் அடைப்பு, அதுவும் ஒரு கிளை பிரிகிற இடத்திலேயே. ‘கிளை பிரிகிற இடம்’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான்.

முந்தைய நாள் சாயங்காலம் ஒப்புதல் படிவத்தோடு ஓர் இளம் டாக்டர் வந்தார். மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, அவசர அறுவை சிகிச்சை, இறப்பு என்று எல்லாம் ஒரே வரியில், கமா போட்டு. அம்மா அந்த வரியைப் பார்த்து பயந்துபோய் நிமிர்ந்தார். உடனே அவர், “ரிஸ்க் ஒரு சதவீதத்துக்கும் கம்மிதாம்மா, தினமும் பண்றதுதான், பயப்படாதீங்க” என்றார். நல்ல பையன், ஆறுதலாகத்தான் சொன்னார், அவர் சொன்னது பொய்யும் இல்லை. திட்டமிட்டு வைக்கும் ஸ்டென்ட்டில் உயிர் போவதும், நெஞ்சைத் திறந்து அவசர பைபாஸ் செய்யும் நிலை வருவதும் அவ்வளவு அரிதுதான். ஆனால் அந்த ஒரு சதவீதத்தை வரிசையில் இருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி நாங்கள் எடுத்துக்கொண்டோம், அப்படி எடுத்துக்கொள்ளும்படிதான் சொல்லப்பட்டது. இதயத் தசையில் ஓரளவு அடிபடுவது அந்தக் கணக்குக்குள் வரவே வராது, அது பல மடங்கு சகஜம்.

எப்படி வருகிறது என்று பிறகு பெரிய டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அதை முன்னாடியே காட்டியிருக்கலாம் என்பதுதான் என் முழு வருத்தமும். குழாயின் சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து கெட்டியாகி இருக்கிறது. குழாயை விரிக்க உள்ளே விடும் சின்ன பலூனை ஊதும்போது அந்தப் படிவு எங்கும் காணாமல் போவதில்லை, நசுங்கி ஓரத்துக்குப் போகிறது. பக்கத்தில் ஒரு கிளையின் வாய் இருந்தால் படிவு அந்த வாய்க்குள் தள்ளப்பட்டு அதை மூடலாம். இல்லையென்றால் படிவிலிருந்து உதிரும் துகளும் சின்னச் சின்ன ரத்தக்கட்டியும் ஓட்டத்தோடு போய், கண்ணுக்கே தெரியாத நுண்குழாய்களை அடைக்கலாம். பெரிய குழாய் படத்தில் பளிச்சென்று திறந்திருக்கும், ஆனால் தசைக்கு ரத்தம் மெதுவாகத்தான் போகும். குழாயின் உள்சுவர் கிழிந்து மடிப்பு தொங்கி ஓட்டத்தை மறிப்பதும், ஸ்டென்ட்டிலேயே ரத்தம் உறைவதும் இன்னும் அரிது, ஆனால் அவை ஆபத்தானவை. இதில் அடிக்கடி நடப்பது கிளை மூடிக்கொள்வதுதான். அப்பாவுக்கும் அதுவே.

சரி, கேத்லேபுக்கு வருகிறேன், அங்கே குறை சொல்ல எதுவும் இல்லை. மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள், இது தொடை வழியாகச் செய்வதைவிட ரத்தக்கசிவு குறைவான வழி, எழுந்து உட்காரவும் சீக்கிரம் விடுவார்கள். அப்பா விழித்தேதான் இருந்தார். பலூன் ஊதும்போது நெஞ்சில் வலி வரும், இறக்கியதும் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்களாம், அதன்படியே வந்தது, போனது. ஸ்டென்ட்டை விரித்த பிறகு வந்த வலி மட்டும் போகவில்லை. “ஐயா, வலி எப்படி இருக்கு, குறையுதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றும், யாரும் குரலை உயர்த்தவில்லை என்றும், திரையைப் பார்த்தபடியே வேறொரு கம்பி கேட்டு வாங்கினார்கள் என்றும் அப்பா சொன்னார். ஈசிஜியில் மாற்றம் தெரிந்திருக்கிறது, கிளையில் ஓட்டம் நின்றிருக்கிறது. ஸ்டென்ட்டின் வலைக்கண் வழியாகவே மெல்லிய கம்பியை அந்தக் கிளைக்குள் நுழைத்து, சின்ன பலூனால் வாயைத் திறந்து ஓட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த இடத்தில் கைப்பழக்கம் இல்லாத ஒருவர் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்தக் குழுவில் இருந்த எல்லோருக்கும் என் நன்றி உண்டு.

நர்ஸ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் கட்டிய பட்டையின் காற்றை நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள், விரல் மரத்துப்போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடாது என்று எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது எல்லாம் எழுதி வைத்தார்கள். ராத்திரி அப்பா “லேசா குத்துது” என்று சொன்னதும் தாமதிக்காமல் ஈசிஜி எடுத்தது ஒரு நர்ஸ்தான், டாக்டர் வந்து சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

பிரச்சினை மறுநாள் காலையில் தொடங்கியது. ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, இதயத் தசை அடிபட்டால் அந்தப் புரதம் ரத்தத்தில் கசியும். இந்த மருத்துவமனை அதை வைப்பதற்கு முன்பும் எடுத்தது, பின்பும் எடுத்தது. எல்லா இடத்திலும் வழக்கமாக எடுப்பதில்லை, அதற்காக ஒரு சபாஷ். முன்பு இயல்பாக இருந்தது மறுநாள் ஏகத்துக்கு ஏறியிருந்தது. காலை ஷிஃப்ட் டாக்டர், “என்சைம் கொஞ்சம் கூடியிருக்கு, எல்லாருக்கும் கூடும்” என்றார். ரவுண்ட்ஸில் வந்த இன்னொருவர், “சின்ன அட்டாக் மாதிரிதான், ஒண்ணும் இல்ல” என்று நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். இன்னும் ஓர் இரவு ஐசியூவில் வைத்திருக்கப் போகிறோம் என்று கீழே கவுண்டரில் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்றால் ஏன் ஐசியூ? அட்டாக் என்றால் ஏன் யாரும் உட்கார்ந்து பேசவில்லை? அம்மா அன்று முழுக்க அழுதுகொண்டே இருந்தார், அந்த அழுகைக்குத் தேவையே இருந்திருக்காது.

கடைசியில் நான் பிடிவாதமாகக் காத்திருந்து, ஸ்டென்ட் வைத்த பெரிய டாக்டரையே பார்த்தேன். அவர் ஒளிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. தாளை எடுத்து வரைந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஸ்டென்ட்டுக்குப் பிறகு ட்ரோபோனின் ஓரளவு ஏறுவது நிறையப் பேருக்கு நடக்கும், வலியே இல்லாமல். அதை மட்டும் வைத்து மாரடைப்பு என்று சொல்வதில்லை. 2018இல் உலக அளவில் இதய மருத்துவர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நான்காவது வரையறையின்படி, முன்பு இயல்பாக இருந்தவருக்கு இயல்பின் மேல் எல்லையைவிட 5 மடங்குக்கு மேல் ஏற வேண்டும். அதோடு ஈசிஜியில் புதிய மாற்றமோ, ஸ்கேனில் தசை செத்த அடையாளமோ, கிளை மூடியது போல ஆஞ்சியோவிலேயே தெரியும் சிக்கலோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 4ஏ வகை, அதாவது ஸ்டென்ட் வைப்பதால் வரும் மாரடைப்பு. அப்பாவுக்கு ஈசிஜி மாற்றமும் இருந்தது, கிளையும் மூடியது, 5 மடங்கையும் தாண்டியது. ஆக, அது அதுவேதான். எல்லா மருத்துவரும் இந்த எல்லையை ஏற்றுக்கொள்வதில்லை என்பதும் உண்மை. ஒரு தரப்பு 35 மடங்கு என்கிறது, அமெரிக்க ஆஞ்சியோபிளாஸ்டி நிபுணர்களின் அமைப்பு 2013இல் 70 மடங்கு என்றது. சின்ன ஏற்றம் பிற்காலத்தில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, பெரிய ஏற்றம்தான் கவலைக்குரியது என்பது அவர்கள் வாதம். எதிரெதிரே நிற்கும் நிபுணர்களுக்கே கோடு எங்கே என்பதில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, கட்டிலருகே நிற்கிற எங்களிடம் ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போவது எந்த விதத்தில் நியாயம்?

எவ்வளவு சகஜம் என்பதற்கு ஓர் எண்ணிக்கை தருகிறேன். 2020இல் லான்செட் இதழில் வந்த ஆல்ஃபியஸ் ஆய்வு, திட்டமிட்டு ஸ்டென்ட் வைத்தவர்களில் சிக்கல் வர வாய்ப்பு அதிகமுள்ள 1,900 பேர் அளவில் எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வழக்கமான மாத்திரையான குளோபிடோக்ரல், பாதிப் பேருக்கு அதைவிட வலுவான டிகாக்ரிலோர். 48 மணி நேரத்துக்குள் மாரடைப்போ, பெரிய அளவு இதயத் தசைப் பாதிப்போ வந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய 35 சதவீதம். அதில் பெரும்பகுதி ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிந்தது, ஆள் கட்டிலில் சாதாரணமாகத்தான் இருந்திருப்பார். இருந்தாலும் மூன்றில் ஒருவர். வலுவான மாத்திரை அதைக் குறைக்கவில்லை, சிறு ரத்தக்கசிவுதான் கூடியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வார்டிலேயே ஒரு குடும்பம் “எங்களுக்குப் பெரிய மாத்திரையே குடுங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தது. திட்டமிட்ட ஸ்டென்ட்டில் பெரிய மாத்திரை என்பதாலேயே பெரிய பாதுகாப்பு கிடைப்பதில்லை.

இன்னொன்று, இதுதான் எங்கள் வீட்டில் எல்லோரையும் உலுக்கியது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் இனி மாரடைப்பு வராது என்றுதான் நாங்கள் கிளம்பிப் போனோம். நிலையாக இருக்கும் நெஞ்சு வலிக்கு அப்படி இல்லை. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு மருந்தோடு ஆஞ்சியோவும் தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸும், மற்றதற்கு முதலில் மருந்து மட்டும். முதல் ஆறு மாதத்தில் இறப்பு, மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் 5.3 சதவீதம், மருந்துப் பக்கம் 3.4. வைக்கும்போதே வரும் மாரடைப்புகள்தான் அந்தத் தொடக்க வித்தியாசத்துக்குப் பெரிய காரணம். ஐந்து வருட முடிவில் 16.4க்கு 18.2 என்று திரும்பிவிட்டது, காரணம் பிற்காலத்தில் தானாக வரும் மாரடைப்பு ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் குறைந்தது. மொத்தத்தில் எந்தப் பக்கமும் தெளிவாக ஜெயிக்கவில்லை. வைக்கும்போது வரும் மாரடைப்பை எப்படி வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண்ணிக்கையே கூடியது, குறைந்தது. இடது பிரதான குழாயில் பெரிய அடைப்பு இருப்பவர்களையும், இதயத்தின் பம்ப் சக்தி ரொம்பக் குறைந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக்கூடாது.

அப்படியென்றால் எதற்கு வைத்தோம்? வலிக்காக. அதில் பலன் உண்டு. 2023இல் வந்த ஆர்பிட்டா-2 ஆய்வில், நெஞ்சு வலிக்கான இதய மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரில் ஒரு பாதிக்கு உண்மையாகவும் மறுபாதிக்குச் செய்வதுபோலப் பாவனையாகவும் ஸ்டென்ட் செய்தார்கள். உண்மையாக வைத்தவர்களுக்கு நெஞ்சு வலி குறைந்தது. அப்பாவுக்கும் குறைந்திருக்கிறது, அதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். ஆனால் “வலி குறைய வைக்கிறோம், வைக்கும்போது தசையில் அடிபட இவ்வளவு வாய்ப்பு, மருந்தைக் கூட்டிப் பார்க்கும் வழியும் இருக்கிறது” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அப்பா தானே முடிவெடுத்திருப்பார். அநேகமாக ஸ்டென்ட்டையே தேர்ந்தெடுத்திருப்பார், மாடி ஏற முடியாதது அவரை அவ்வளவு வாட்டியது. தேர்ந்தெடுக்க விடவில்லை என்பதுதான் குறை.

இந்த மாதிரி சேவைக்குப் போகிறவர்கள் தேதி குறிப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அடைப்பு எந்தக் குழாயில், பக்கத்தில் கிளை இருக்கிறதா, அது மூடினால் என்ன திட்டம் என்று கேளுங்கள். சுண்ணாம்பு அதிகமா, துருவியெடுக்க வேண்டியிருக்குமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் நீளமான அடைப்பு, சுண்ணாம்பு படிந்தது, கிளை பிரியுமிடம், ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டென்ட் இதிலெல்லாம் ஆபத்து ஏறும், வயதும் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் அதோடு சேரும். நடுத்தர அடைப்பு என்றால், அது உண்மையிலேயே ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறதா என்று அழுத்தம் அளக்கும் கம்பியால் பார்த்தார்களா என்பது முக்கியமான கேள்வி. அந்த எஃப்எஃப்ஆர் அளவு 0.80க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் இல்லாமலே விட்டுவிடலாம். வைக்கத் தேவையில்லாத ஸ்டென்ட்டை வைக்காமல் இருப்பதைவிட நல்ல தடுப்பு எதுவும் இல்லை. குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் விட்டுப் பார்த்து வைப்பார்களா, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் எப்போது தொடங்க வேண்டும், கொழுப்பு மாத்திரையைத் தொடர்கிறோமா, இவற்றையும் விடாதீர்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் டாக்டராக இருந்தால், திட்டமிட்ட ஸ்டென்ட்டில் இன்னொருவரிடம் காட்ட உங்களுக்கு நேரம் இருக்கிறது.

மாத்திரை விஷயத்தில் இந்த இடத்துக்கு நல்ல மதிப்பெண் தர வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தாளுநர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மாத்திரைகளையும் எங்களைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது, பல் பிடுங்கினாலும் சரி, வேறு டாக்டர் சொன்னாலும் சரி, முதலில் எங்களுக்குப் போன் பண்ணுங்கள் என்று அழுத்திச் சொன்னார். திட்டமிட்ட ஸ்டென்ட்டுக்குப் பொதுவாக ஆறு மாதம் இரண்டும் சேர்ந்து, ரத்தக்கசிவு வாய்ப்பு அதிகம் இருந்தால் டாக்டர் குறைப்பார். பாதியில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து திடீரென்று முழுக்க அடைக்கலாம், அது ட்ரோபோனின் ஏறுவது போல அமைதியாக வருவதில்லை, உயிரையே கேட்கும். இதை மட்டும் அந்த மருந்தாளுநர் சொன்ன அளவுக்குத் தெளிவாக வேறு எவரும் எங்களிடம் எதையும் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தால் “சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது” என்று அச்சடித்திருந்தது. கிளை மூடியது இல்லை, திறந்தது இல்லை, ட்ரோபோனின் எண் இல்லை. நான் அதை வாங்கிக்கொண்டு போகவில்லை, பெரிய டாக்டரிடம் திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, “இது தப்பு, மாத்தித் தரச் சொல்றேன்” என்று சொன்னார். நாங்கள் காத்திருந்து திருத்தியதை வாங்கினோம். அதில் கிளை மூடியது, பலூனால் திறந்தது, இரண்டு ட்ரோபோனின் எண்கள், இதய ஸ்கேனான எக்கோவில் பம்ப் சக்தி குறையவில்லை என்பது எல்லாம் இருக்கிறது. கடைசியாக எடுத்த ஈசிஜியின் நகலும் கேட்டு வாங்கிக்கொண்டோம். நாளை அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று எந்த ஊரில் எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும், பழைய ஈசிஜி கையில் இருந்தால்தான் புதியது எது என்று அங்கிருக்கும் டாக்டர் ஒரே பார்வையில் சொல்ல முடியும்.